அருணகிரி மாமா கட்டிய கறுப்பு நூல்

என் அக்கா புருஷன் அருணகிரியைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்வேன். ஆனால் முதலில் வயிறாரத் திட்டிவிட்டுத்தான் சொல்வேன். அந்த மனிதர் எனக்குச் செய்த காரியம் அப்படி.

சந்தேகம் எல்லாருக்கும் வரும். இவருக்குச் சந்தேகம் வராத நேரம் எது என்றுதான் தேட வேண்டும். இட்லி வைத்தால் பிட்டு முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். சவரம் செய்துகொள்ளும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க மாட்டார்; கத்தி பிடித்தவர் கையைப் பார்ப்பார். ஜெயம்மாள் அக்காவைப் பெண் பார்க்கச் செங்கத்துக்கு வந்த அன்றைக்கே, அவள் காபி கொடுத்துவிட்டுத் திரும்பியதும், வேண்டுமென்றே ஒரு தம்ளரைக் கீழே போட்டார். அக்கா திரும்பி ஒரு முறை முறைத்தாள். "காது கேக்குது" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுத் தாம்பூலத்தை எடுத்துக்கொண்டார். என் அப்பா அன்றைக்கே அந்த ஆளைத் துரத்தியிருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று, அந்தச் சந்தேகம்தான் அவருக்குச் சோறு போட்டது. வாணியம்பாடியில் நசருல்லா சாயபு தோல் பதனிடுகிற பட்டறை வைத்திருந்தார். தோல் பதனிடக் கடுக்காயும் ஆவாரம் பட்டையும் வேண்டும். ஜவ்வாது மலையிலிருந்து அதை வாங்கி அனுப்புகிற வேலை மாமாவுக்கு. திருப்பத்தூர் பக்கத்தில் மலையடியில் எங்கள் ஊர், அங்கேதான் மண்டி. மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் சனிக்கிழமைதோறும் மலைச்சனங்கள் கடுக்காய் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்குவார்கள். மாமா மூட்டைக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு அடியிலிருந்து ஒரு காயை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். ஈரமா, காய்ந்ததா, கல் இருக்கிறதா என்று அந்தக் கைக்குத் தெரியும். "அருணகிரி வாங்குன சரக்க நான் பிரிச்சே பாக்கறதில்ல" என்று சாயபு சொல்வாராம்.

அந்தச் சாயபு கொடுத்ததுதான் மோட்டார் சைக்கிள். உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காக வந்து, பிறகு ஏலத்தில் போன வண்டி. பச்சை வண்ணம் உரிந்து, பெட்ரோல் டாங்கியில் ஒரு நசுங்கலோடு வந்து சேர்ந்தது. காட்டு இலாகா போட்ட மண் ரோட்டில் மலையேற அதைவிட்டால் வேறு வழியில்லை. லாரி எப்போது வரும் என்று லாரிக்காரனுக்கே தெரியாது. ஊரில் அந்த வண்டி ஒன்றுதான். மாமா அதன்மேல் உட்கார்ந்தால் ஜில்லா கலெக்டர் மாதிரி இருப்பார். அக்கா கல்யாணத்துக்குப் பிறகு நானும் செங்கத்திலிருந்து இங்கேயே வந்துவிட்டேன்; அவரிடம் மண்டியில் எடை போடுகிற வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியைத் துடைத்து, தகர டின்னிலிருந்து பெட்ரோல் நிரப்பி வைப்பதும் என் வேலை.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம், கடுக்காய் நன்றாக விழுகிற நேரம், வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது. மலை ஏறி நாலைந்து வளைவு தாண்டியதும் எஞ்சின் திக்கும். திக்கு வாய்க்காரன் கோபத்தில் பேசுகிற மாதிரி நின்று நின்று வெடிக்கும். கைப்பிடி உதறும், கால் வைக்கிற கம்பி உதறும், அதன்மேல் உட்கார்ந்திருப்பவரின் பல் உதறும். அப்புறம் அணைந்துவிடும். மாமா இறங்கி, டாங்கி மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார். நிறைய இருக்கும். மூடிவிட்டு ஓர் உதை உதைத்தால் கிளம்பிவிடும்! கொஞ்ச தூரம் ராஜா மாதிரி போகும். மறுபடியும் திக்கும். அவர் போய்ச் சேருவதற்குள் வேறு வியாபாரிகள் நல்ல மூட்டைகளை அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.

திருப்பத்தூரில் முகமது பாய்தான் வண்டி பார்ப்பவர். சுத்தக்காரர். எந்த வண்டி வந்தாலும் முதலில் சீமெண்ணெய்த் துணியால் தலையிலிருந்து கால் வரைக்கும் துடைத்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார். நெருப்புப் பொறி சரியாக வருகிறதா என்று பார்த்தார். உதறுகிறதே என்று, எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கிற போல்ட்டுகளையெல்லாம் முறுக்கினார். பிறகு ஏலகிரி ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அரே, ஒன்னும் இல்லியே அருணகிரி! வெண்ணெ மாதிரி ஓடுது."

"உங்கிட்ட மட்டும் ஓடுது பாய். அதான் எனக்குப் புரியல" என்று மாமா அவரை ஒரு பார்வை பார்த்தாராம். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மூட்டைக்குள் கையை விடுகிறபோது பார்க்கிற பார்வை.

பாய் கையிலிருந்து வந்த வண்டி வாரம் பூராவும் ஒழுங்காக ஓடும். சனிக்கிழமை மலையேறினால் திக்கும். மாமா யோசித்தார். சனிக்கிழமைக்கு முன்னால் என்ன? வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வண்டியைத் தொடுகிறவன் யார்? முனிசாமி. அதாவது நான்.

மாசி பிறந்து முதல் சனிக்கிழமை, எஞ்சினை அணைத்து வண்டியை உருட்டிக்கொண்டே மலையிறங்கி வந்தவர், ராஜாக்கண்ணு டீக்கடை முன்னால் என் சட்டையைப் பிடித்தார். கடை நிறைய ஆள்.

"பெட்ரோல்ல சீமெண்ணெயக் கலக்கிட்டு, நல்ல பெட்ரோல லாரிக்காரனுக்கு வித்துட்ட. இல்லன்னு சொல்லு."

"இன்னா மாமா பேசறீங்க? நான் எதுக்கு..."

"அப்ப நீ ஊத்தன மறுநாளு மட்டும் எப்பிடி திக்குது? அதுக்குப் பதில் சொல்லு."

அதுதான் வயிற்றெரிச்சல். நான் ஊற்றிய மறுநாள் மட்டும்தான் திக்குகிறது என்பது உண்மை. எனக்கே ஒரு நிமிஷம், நான் ஏதாவது செய்துவிட்டேனோ என்று இருந்தது. காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். அன்றைக்கு அந்த மஞ்சள் என் கண்ணிலும் ஒட்டிக்கொண்டது. "திருட்டுப் பய! மண்டிப் பக்கமும் வராத, என் வூட்டு வாசப்படியும் மிதிக்காத" என்று அவர் கத்தியது மலையில் பட்டுத் திரும்பி வந்திருக்கும்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தால், "சீமெண்ணெய்க்கு இன்னா பஞ்சம் அவங்களுக்கு" என்றார்கள். என் பெண்சாதி மணியம்மாள் தண்ணீருக்குப் போய்விட்டு அழுதுகொண்டு வந்தாள். கூலி வேலை கேட்டுப் போன இடத்தில், நான் உட்கார்ந்ததும் ஒருவன் எண்ணெய் டின்னை எடுத்து உள்ளே வைத்தான்.

நான் போனபிறகாவது வண்டி சரியாகியிருக்க வேண்டுமே? இல்லை. அடுத்த சனிக்கிழமை முன்னைவிட மோசமாகத் திக்கியது. வேறு யாராவது என்றால், 'சரி, முனிசாமி திருடவில்லை' என்று நினைப்பார்கள். மாமா நினைத்தது வேறு. 'அவன் இப்போதும் உள்ளே வந்து போகிறான். வீட்டில் யாரோ கதவு திறந்துவிடுகிறார்கள்.' வீட்டில் யார் இருக்கிறார்கள்? அக்கா ஒருத்திதான்.

அக்கா ஒருநாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என் வீட்டுக்கு வந்தாள்.

"தம்பிக்கு சாவி குடுத்தியான்னு கேக்கறாருடா. இல்லன்னு சாமி மேல சத்தியம் பண்ணேன். பால் மேல பண்ணு, விளக்கு மேல பண்ணுன்னு ஒன்னொன்னா கேக்கறாரு. இன்னொரு வாட்டி வண்டி நின்னா, பொட்டிய எடுத்துகினு செங்கத்துக்குப் போய்டுன்றாரு."

"போறேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"போடா. நான் போய்ட்டா அந்தாளு யார் கையால துன்னுவாரு? அவரு சோத்த அவரே நம்ப மாட்டாரு."

அக்காவே சிரித்துவிட்டாள். பிறகு மறுபடியும் அழுதாள். வாழாவெட்டியாக அவள் செங்கத்துக்குப் போய் நின்றால் அம்மா உயிர் தாங்காது. எனக்குப் பேய்க் கோபம் வந்தது. நேரே போய் மாமாவின் வாசலில் நின்றேன். படியை மிதிக்கவில்லை.

"மாமா! நாளைக்கு வெள்ளிக்கிழம. நீயே பெட்ரோல் வாங்கு, நீயே ஊத்து, நீயே பூட்டு. நான் கிட்டவே வரல. சனிக்கிழம நான் உன் பின்னால ஒக்காந்து வர்றேன். வண்டி நல்லா ஓடுச்சுன்னா நான் திருடன், ஊரவிட்டே போறேன். நின்னுச்சுன்னா நீ அதே டீக்கடையில சொல்லணும். அக்காவையும் அனுப்பக் கூடாது."

மரியாதையாக 'நீங்க' என்று பேசுகிறவன் 'நீ' என்று பேசியது அவருக்குச் சுருக்கென்றது. அதில் என்ன சூழ்ச்சி இருக்கும் என்று ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "செரி" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் போனேன். மனிதர் வண்டியை வீட்டுக்குள் நடைக்கே ஏற்றி, பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார். சாவி இடுப்பில். அதோடு விட்டாரா? டாங்கி மூடியை யாராவது திருகித் திறந்தால் தெரிய வேண்டும் என்று, மூடியின் விளிம்புக்கும் கைப்பிடிக்கும் ஒரு கறுப்பு நூலைக் கட்டி முடிச்சுப் போட்டிருந்தார்.

"பாத்துக்கோ. நூலு அப்பிடியே கீது. யாரும் தொடல" என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். நூல் அறுபடவில்லை, முடிச்சு அவிழவில்லை. "யாரும் தொடல" என்று நானும் சொன்னேன். அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "பாத்துப் போய்ட்டு வாங்க" என்றாள்.

சாக்கை மடித்துப் பின்னால் போட்டு உட்கார்ந்தேன். மலையில் இன்னும் பனி விலகவில்லை. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, வண்டி வெண்ணெய்தான். சாமி, நின்று தொலையேன் என்று வேண்டிக்கொண்டேன். வண்டி நிற்க வேண்டும் என்று வேண்டுதல் வைத்தவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

புளியமரத்து வளைவு தாண்டியதும் ஒரு திக்கு. அப்புறம் ரெண்டு. கைப்பிடி உதறிற்று, என் முழங்கால் உதறிற்று. 'டுப்... டுப்பு...' என்று இழுத்துப் பிடித்துவிட்டு எஞ்சின் அணைந்தது.

"நின்னுச்சா!" என்று குதித்தேன். எழவு வீட்டில் சிரித்தவனைப் பார்க்கிற மாதிரி மாமா என்னைப் பார்த்தார்.

நூலை அறுத்து மூடியைத் திருகினார். அப்போது 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது.

"மாமா, இன்னாவோ மூச்சு இழுக்குது."

"சும்மா இருடா." விரலைப் பெட்ரோலில் நனைத்து முகர்ந்தார். நாக்கிலும் வைத்துப் பார்த்துத் துப்பினார். "பெட்ரோல் பங்குலயே கலப்படம் பண்ணிட்டான்."

"ஓகோ! முதல்ல பாய், அப்புறம் நான், அப்புறம் எங்கக்கா, இப்ப பங்குக்காரனா? உங்க அம்மா பால்லயும் தண்ணி கலந்துதான் குடுத்தாங்கன்னு சொல்லேன்!"

"இன்னாடா சொன்ன?" என்று என்னை அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கையில்தான் மூடி இருந்தது. அது தெறித்துப் போய்ப் பாறையில் பட்டுச் சரிவில் உருண்டு புதருக்குள் மறைந்தது.

ரெண்டு பேரும் தேடினோம். முள்ளு கிழித்ததுதான் மிச்சம். மேலே சந்தை கூடிக்கொண்டிருக்கிறது. வேறு வழியில்லாமல் மாமா தலைத்துண்டைக் கிழித்து மடித்து டாங்கி வாயில் கட்டினார். "மெதுவா போலாம். நின்னா தள்ளிகினு போலாம்" என்றார்.

வண்டி நிற்கவில்லை.

அதற்கப்புறம் இருந்த வளைவுகள்தான் செங்குத்து. ஒரு திக்கு இல்லை, ஓர் உதறல் இல்லை. மாமா ஒரு வளைவில் வேண்டுமென்றே நிறுத்தினார், உதைத்தார், கிளம்பியது. இன்னும் ஒரு மேடு ஏற்றினார். துண்டிலிருந்து பெட்ரோல் வாசனை வந்ததே தவிர வேறு குறை இல்லை. சந்தைக்கு முதல் ஆளாகப் போய் நின்றோம். அன்றைக்கு அவர் கையை விடாமலேயே மூட்டைகளை வாங்கினார். மனது அங்கே இல்லை.

சரக்கை ஒதுக்கி வைத்துவிட்டு இறங்கும்போது, அதே வளைவில் வண்டியை நிறுத்தி, "மூடியத் தேடு" என்றார். இந்தத் தடவை நானும் சண்டை போடவில்லை. ஒரு காரைச் செடியின் அடியில், மல்லாந்து கிடந்தது. அதன்மேல் வட்டமாக, தடிமனாகச் சந்தனம். நடுவில் குங்குமம். எதிரே நின்று யாரோ நெற்றியைக் காட்டுகிற மாதிரி இருந்தது.

மாமா கையில் வாங்கினார். மூடியின் நடுவில் காற்றுப் போக ஊசித் துளை ஒன்று உண்டு. அடிப்பக்கம் வாயை வைத்து ஊதினார். கன்னம் உப்பியதே தவிரக் காற்றுப் போகவில்லை. நான் ஒரு காரை முள்ளை ஒடித்துக் கொடுத்தேன். மெல்லக் குத்தினார். மஞ்சளாக, காய்ந்து கல்லாகிப்போன சந்தனம் தூளாக விழுந்தது. மறுபடியும் ஊதினார். விசில் மாதிரி சத்தம் வந்தது.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றினால் அக்கா நிலைக்கும், உரலுக்கும், அரிவாள்மணைக்கும் பொட்டு வைப்பாள். இந்தப் பொங்கலிலிருந்து வண்டிக்கும் வைக்க ஆரம்பித்திருந்தாள். மேலே வட்டமாக இருக்கிற மூடிதான் அவளுக்கு வண்டியின் நெற்றி. எங்கள் பக்கம் மலைச் சந்தனக் கட்டைக்குப் பஞ்சமில்லை. எப்படி வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. அவள் இழைத்தால் வெண்ணெய் மாதிரி கனமாக இழைப்பாள். அது காய்ந்து துளையை அடைத்துவிடும். மேலிருந்து காற்றுப் போகாவிட்டால் டாங்கியிலிருந்து பெட்ரோல் கீழே இறங்காது; எஞ்சின் தாகத்தில் திக்கும். மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே போய் மறுபடி ஓடும். பாய் துடைத்துவிட்டுத்தான் பார்ப்பார், அவரிடம் எப்படித் திக்கும்? வண்டி நின்று நின்று போகிறதே என்று அக்கா பயந்துபோய், வாரத்துக்கு வாரம் சந்தனத்தை இன்னும் தடிமனாக வைத்திருக்கிறாள். என்னைத் துரத்திய வாரம் ரெண்டு பங்கு. நேற்றைக்கு அந்தக் கறுப்பு நூலுக்குப் பக்கத்திலேயே, காவல் இருக்கிற மாமா கண் முன்னாலேயே வைத்திருக்கிறாள். நூலைப் பார்த்தோம், முடிச்சைப் பார்த்தோம். பொட்டை ரெண்டு பேருமே பார்க்கவில்லை.

மாமா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார்.

"உங்கக்காகிட்ட சொல்லாத."

"இன்னாது? என்ன திருடன்னு சொன்னது ஊருக்கே கேட்டுச்சே மாமா! மூடியக் காட்டி, இதான் காரணம்னு டீக்கடையில சொன்னாத்தானே நம்புவாங்க?"

"நம்புவாங்க. அப்புறம் அவளுக்கும் தெரியும். எனக்கு ஒன்னும் ஆகக் கூடாதுன்னு வெச்சா. அதாலதான் வளைவுக்கு வளைவு நின்னேன், அதாலதான் உன்னத் தொரத்துனேன்னு தெரிஞ்சா, அவ தாங்குவாளா? இனிமே சாமி விளக்கத் தொடுவாளா?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை நாள் அவளைச் சத்தியம் பண்ணச் சொல்லிப் படுத்தியபோது எங்கே போயிற்று இந்தக் கரிசனம்? நறுக்கென்று கேட்டும் விட்டேன். அவர் மூடியை வேட்டி முனையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வந்தோம். ராஜாக்கண்ணு கடை முன்னால் மாமா வண்டியை நிறுத்தினார். சொன்ன சொல் தவறவில்லை, அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். தலையில் துண்டுகூட இல்லாமல் நடு ரோட்டில் நின்று, "எல்லாரும் கேட்டுக்குங்க. முனிசாமி திருடல, கலக்கல. தப்பு என்னுது" என்றார். அருணகிரி வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து ஊர் கேட்டதே இல்லை.

ராஜாக்கண்ணு விடுகிற ஆளா? "அப்ப வண்டி எதுக்கு நின்னுச்சு? அத்தச் சொல்லு" என்றான்.

மாமா என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று கண் காட்டவில்லை, சும்மா பார்த்தார். நான் தெருக்கோடியைப் பார்த்தேன். வண்டிச் சத்தம் கேட்டு அக்கா வாசலுக்கு வந்து, நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது.

"எஞ்சின் கோளாறு. சொன்னா உனக்குப் புரியுமா? டீயப் போடு" என்றேன்.

யாரும் நம்பவில்லை. "மாமனும் மச்சானும் உள்ளுக்குள்ள பேசி முடிச்சிகினாங்க" என்று என் காதுபடவே சொன்னார்கள். ரொம்ப காலம் அந்தக் கடையில் நான் நுழைந்தால் சீமெண்ணெய் டின் உள்ளே போகும். போகட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்ரோல் ஊற்றிவிட்டு நான் அங்கேதான் இருந்தேன். அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். மாமா சட்டென்று மூடியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"வண்டிக்குப் போதும். ஓட்டறவனுக்கு வை" என்று தலையைக் குனிந்தார்.

அக்கா கை அப்படியே நின்றுவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த ஆள் அவள் முன்னால் தலை குனிந்து யாரும் பார்த்ததில்லை. மெல்லச் சந்தனத்தை எடுத்து அவர் நெற்றியில் வைத்தாள், குங்குமத்தையும் வைத்தாள். அவர் போய்க் கை கழுவுகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, என்னைக் கொல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"டேய் முனிசாமி. அந்தாளு என்னிக்கும் இல்லாம நெத்தியக் காட்றாரு. தப்பு என்னுதுன்னு ஊருக்கு நடுவுல சொல்றாரு. மலைமேல எவளாவது கீறாளா? நீ கூடத்தானே போன. மறைக்காம சொல்லு."

"எனக்கு ஒன்னும் தெரியாதுக்கா."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அச்சு அசலாக மாமா பார்க்கிற பார்வை.

"நீயும் கூட்டுதான்" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.